மண்டபம் தண்ணிக்கு எந்த மீன்?

ஏப்ரல் 26, 2025, சனி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் எங்கள் ஊர். வீட்டுத் தொட்டியில் வளர்க்க மீன் வாங்கப் போகும் முன் தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்று கேன் போடும் தம்பியிடம் டிடிஎஸ் மீட்டரை இரவல் வாங்கினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி. எங்கள் போர் தண்ணீர் 1,840. காவிரிக் குழாய்த் தண்ணீர் 410. கேன் தண்ணீர் 55. போர் தண்ணீரில் கழுவின பாத்திரத்திலேயே உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அதைத் தொட்டிக்கு ஊற்றும் பேச்சே இல்லை.

மகள் கேட்பது நியான் டெட்ரா. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அமேசானின் மேல்பகுதி ஓடைகளில் இருப்பது. உப்பும் சுண்ணாம்பும் இல்லாத, லேசான அமிலத்தன்மையுள்ள தண்ணீர் அதற்கு. சூடு 25 டிகிரியைச் சுற்றி இருந்தால் நல்லது. கேன் தண்ணீரைக் கலந்து உப்பைக் குறைத்துவிடலாம். மே மாதம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் புழுங்குகிற இந்த வீட்டில் சூட்டை எப்படிக் குறைப்பது? கார்டினல் டெட்ரா சூடு தாங்கும், ஆனால் அதுவும் ரியோ நீக்ரோ ஆற்றின், இலைச்சாறு ஊறின, உப்பு மிகக் குறைந்த கறுப்புத் தண்ணீரில் வளர்வது. இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மகள் பேசவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடை. "அக்கா, நியான் ரெண்டு, டைகர் பார்ப் ரெண்டு, விடோ ரெண்டு, ஏஞ்சல் ஒண்ணு போட்டுக்கங்க, கலர் கலரா இருக்கும்" என்றார் பையன். எல்லாக் கடையிலும் இதே பாட்டுதான். கூட்டமாக வாழும் மீனை இரண்டிரண்டாக விட்டால் செடி மறைவில் ஒடுங்கி, வெளுத்துப்போய் நிற்கும். டைகர் பார்ப் இன்னும் மோசம்: தன் கூட்டத்துக்குள் துரத்தி விளையாட ஆளில்லாவிட்டால் ஏஞ்சலின் செட்டையைக் கடிக்கப் போகும். ஒரே இனத்தில் குறைந்தது ஆறு மீன் வேண்டும், பத்து என்றால்தான் பார்க்க லட்சணம்.

கலர் விடோவைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இயல்பில் சாம்பலும் கறுப்புமான மீன். அந்த ரோஸும் நீலமும் ஏற்றின சாயம், சில மாதத்தில் வெளுத்துவிடும். பக்கத்துத் தொட்டியில் ஒளிரும் வரிக்குதிரை மீன்கள். அது சாயமில்லை, ஜீன் மாற்றம். 1999-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜெல்லிமீனின் ஒளிர்ஜீனை வைத்துத் தொடங்கியது. சாயம் ஏற்றின பாவம் அதில் இல்லை, இருந்தும் எனக்குப் பிடிக்கவில்லை.

மிஸ் கேரளாவும் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன், அழிவின் விளிம்புப் பட்டியலில் இருப்பது. கடையில் விரல் நீளம், வளர்ந்தால் அரை அடியை எட்டும். நம் வீட்டுக்கு ஆகாது.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். தொட்டி வந்துவிட்டது: 30 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிரப்பினால் 80 லிட்டர் பிடிக்கும். இதே விலையில் உயரத் தொட்டியும் கிடைத்தது. நீந்தி ஓடுகிற மீனுக்கு நீளம்தான் வேண்டும், உயரம் நமக்குக் கண்காட்சி. வாரம் கால்வாசி மாற்றினால் 20 லிட்டர், ஒன்றரைக் குடம். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் வரும் தெருவில் இதற்குமேல் ஆசைப்பட முடியாது. மாற்றின தண்ணீர் முருங்கைக்கு.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மாமனார் கடலுக்குப் போகாமல் வீட்டில்தான். பழைய வீட்டை இடித்தபோது எடுத்த பவளக்கல் ஒன்றைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து, "உள்ள வச்சா அம்சமா இருக்கும்த்தா" என்றார். "வேணாம் மாமா, அது சுண்ணாம்பு, கரைஞ்சு தண்ணியக் கடினமாக்கிடும்" என்றேன். பவளம் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதும் அவருக்குத் தெரியாததல்ல. முனகிக்கொண்டே கொல்லைக்கு எடுத்துப் போனார்.

கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று செர்ரி பார்ப், இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளின் மீன். தலைமன்னார் எங்களுக்கு மதுரையைவிடப் பக்கம், அந்தப் பாசம் வேறு. ஆனால் நிழலும் குளிர்ச்சியும் கேட்கும் மீன் அது. இன்னொன்று சாதாரண வரிக்குதிரை மீன், கடைக்காரர்களின் ஜீப்ரா. 1822-இல் ஹாமில்டன் கங்கைப் பகுதி மீன்களை எழுதியபோது பெயரிட்டது. வயல் வாய்க்கால், தேங்கின குட்டை எல்லாம் அதற்கு வீடு. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதை வளர்க்கும் வழக்கமான சூடு 28.5 டிகிரி. நம் ஊருக்கு அதுதான் சரி. விலையும் மலிவு, மலிவு என்பதாலேயே ஜனம் மதிப்பதில்லை.

மே 13, செவ்வாய்

மீன் இன்னும் இல்லை. ஃபில்டர் ஓடுகிறது, தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுகிறேன். "ஏத்தா, வெறுந்தண்ணிக்கா சோறு போடுற?" என்கிறார் மாமனார். தீனி அழுகி அம்மோனியா வரவேண்டும். அதைத் தின்னும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், அடுத்த வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். சோதனைக் குப்பியில் அவை இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை கடைப்பக்கம் போவதில்லை.

மே 25, ஞாயிறு

குப்பி பூஜ்யம் காட்டியது. கடையில் கொஞ்சம் தீனி போடச் சொல்லி நின்று பார்த்தேன். பாய்ந்து வந்தவை மட்டும் எனக்கு. செட்டையை ஒட்டிவைத்து மூலையில் நின்றவை வேண்டாம். பக்கத்துத் தொட்டியில் ஒன்று செத்து மிதந்தது, அந்தத் தண்ணீரில் விட்ட வலையை இதில் போட விடவில்லை. பையன் முகம் சுளித்தான், சுளிக்கட்டும். பத்து மீன், வயிறு உருண்ட பெண்கள் அதிகமாக. ஆணுக்கு உடல் ஒல்லி, வெள்ளை வரியில் மஞ்சள் ஓடும்.

தெர்மாகோல் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் வந்தோம். பையை மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, மீனை மட்டும் வலையில் அள்ளி விட்டேன். கடைத் தண்ணீரைக் கொட்டியாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

தொட்டி 31 டிகிரி. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் நிற்பதே இல்லை. நீர்மட்டத்தில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்ததில் இரண்டு டிகிரி இறங்குகிறது. அதற்கு விலை: தினமும் ஒரு விரல் தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் போகும், உப்பு தங்கும். அதனால் குறைந்த அளவை ஈடுகட்டக் கேன் தண்ணீர், வாராந்திர மாற்றத்துக்குக் குழாய்த் தண்ணீர்.

மூடி கட்டாயம், குதிக்கும் ஜாதி இது. மீன்கள் பெரும்பாலும் பரந்துதான் திரிகின்றன. யாராவது கண்ணாடியைத் தட்டினால் ஒரு நொடியில் ஒன்றுகூடி, எல்லா வரியும் ஒரே பக்கம் திரும்புகிறது. மாமனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "சாளையும் இப்படித்தான் மடங்கும். ஓரத்துல நிக்கிறதுதான் முதல்ல மாட்டும், அதான் எல்லாம் நடுவுக்கு முண்டுது" என்றார். மகள் தட்டுவதை நிறுத்தச் சொன்னதும் அவர்தான்.

ஒரு பெரிய ஆண் மற்ற ஆண்களை விரட்டுகிறது. பத்துப் பேர் இருப்பதால் அடி பங்கிட்டுப் போகிறது, ஒன்றே வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 14, சனி

இன்றோடு தடைக்காலம் முடிகிறது. மாமனார் ஐஸ், டீசல் என்று ஓடிக்கொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டு அக்கா, "குஞ்சு பொரிச்சா ஊரணில விடு, கொசு குறையும்" என்றார். விடமாட்டேன். கடைமீனோடு என்ன நோய் போகும் என்று யார் கண்டது? தவிர, இவை விடியலில் முட்டையைச் சிதறிவிட்டுத் தாங்களே தின்றுவிடுகின்றன, மிஞ்சினால் அல்லவா.

அடுத்த மாதம் இன்னும் நாலு பெண் மீன் வாங்க வேண்டும், இதே இனம். மகள் ஒரு ஏஞ்சல் கேட்கிறாள். பேச்சுவார்த்தை நடக்கிறது.