சாய்சதுரத்துக்குள் ஒரு கூட்டல் குறி

ஒரு செயல்முறையைப் படமாக வரைந்து காட்டினால் பார்ப்பவர்கள் உடனே தலையசைத்து விடுகிறார்கள். ஆனால் எல்லோரும் அதை ஒரே பொருளில்தான் படித்தார்களா என்பது பிறகுதான் தெரிய வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஆர்டர் பெறும் முறையொன்றை, வணிகச் செயல்முறைகளைப் படமாக வரைவதற்கான தரமுறையான பிபிஎம்என் (BPMN) குறியீட்டில் வரைந்தேன். வாடிக்கையாளர் முன்பணம் கட்டலாம், அல்லது கடனுக்கு வாங்கலாம். இரண்டில் எதுவானாலும் அடுத்தது பொதி கட்டும் வேலை. வழி பிரியும் இடத்தில் பெருக்கல் குறியிட்ட சாய்சதுரத்தைச் சரியாகவே வைத்திருந்தேன். வழிகள் சேரும் இடத்தில் கூட்டல் குறி விழுந்துவிட்டது. பெருக்கல் குறி பல வழிகளில் ஒன்றை மட்டும் திறந்துவிடும்; சேருமிடத்தில் உள்ள கூட்டல் குறியோ எல்லா வழிகளிலிருந்தும் வந்து சேரும்வரை காத்திருக்கும். ஆகவே என் படத்தின்படி எந்தப் பொதியும் ஒருநாளும் கட்டப்படாது. நால்வர் பார்த்து ஒப்புதல் அளித்த படம் அது.

அச்சிட்ட தாளின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அம்புக்குறிகளின் வழியே நகர்த்திப் பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது. நாணயம் அந்தக் கூட்டல் குறியில் வந்து நின்றது. அதன் துணை வரவே இல்லை. குறிகளை இடம் மாற்றியிருந்தால், அதாவது கூட்டல் குறியில் பிரித்துப் பெருக்கல் குறியில் சேர்த்திருந்தால், ஒரே ஆர்டருக்கு இருமுறை பொதி கட்டியிருப்பார்கள்.

இந்த நாணய விளையாட்டின் வேர், கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அடித்தளமிட்ட பெட்ரி வலையில் இருக்கிறது. அதில் வட்டம் ஒரு நிலையையும், கட்டம் ஒரு நிகழ்வையும் குறிக்கும். வட்டங்களில் வைக்கும் புள்ளிகளே நம் நாணயங்கள்; ஒரு கட்டத்துக்குள் அம்புக்குறி செல்லும் எல்லா வட்டங்களிலும் புள்ளி இருந்தால்தான் அந்த நிகழ்வு நடக்க முடியும். 2011-இல் வெளியான பிபிஎம்என் 2.0 விதிநூலும் தன் குறிகளின் நடத்தையை டோக்கன், அதாவது வழிகளில் நகரும் புள்ளி, என்ற இதே கருத்தைக் கொண்டுதான் விளக்குகிறது.

துல்லியம் மட்டும் போதாது, படம் கண்ணுக்கு அடங்கவும் வேண்டும். ஒன்றையொன்று சாராத பத்து சுவிட்சுகளின் ஆன், ஆஃப் நிலைகள் சேரக்கூடிய ஒவ்வொரு விதத்தையும் தனித்தனியே வரைந்தால் 1024 வட்டங்கள் தேவைப்படும். டேவிட் ஹாரெல் 1987-இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் முறையில், புள்ளிக்கோட்டால் பிரித்த பத்துப் பகுதிகளில் இருபது நிலைகளை வரைந்தாலே போதும். பின்னாளில் மென்பொருள் வடிவமைப்பைப் படமாக வரைவதற்கான யூஎம்எல் (UML) மொழி இம்முறையைத் தனதாக்கிக்கொண்டது; அதன் படவகைகளில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

இப்போது படம் முடிந்ததும் நானே நாணயத்தை நகர்த்துவதில்லை. அந்த வேலையை அன்றாடம் செய்பவரிடம் தாளையும் நாணயத்தையும் கொடுத்துவிட்டு, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.