கணிதம் றிப்பீட்: எனக்குப் பிழைத்த இடங்கள்

கம்பஸில் முதல் தடவை பிழைத்த கணிதப் பாடத்துக்கு இரண்டாம் தடவை எழுதிய றிப்பீட் பரீட்சையின் பெறுபேறு நேற்றுத்தான் வந்தது. 'சி' தரம். எங்கள் பீடத்தில் றிப்பீட்டுக்கு அதற்கு மேல் போடமாட்டார்கள், ஆனாலும் ஊருக்கு, மல்லாவிக்குப் போன் எடுத்து அம்மாவிடம் சொன்னபோது இரண்டு பேருக்குமே குரல் வரவில்லை. இனி வரப்போகும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஏ.எல்லில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்தவள் நான். தெற்கில் கம்பஸுக்குப் போனதும் வகையீடு, தொகையீடு, தாயம் (மெட்ரிக்ஸ்) எல்லாம் ஆங்கிலப் பெயரோடு வந்து நின்றன. லெக்சரர் 'டிட்டர்மினன்ட்' என்று சொல்ல, அது நான் எத்தனையோ தடவை விரித்த துணிகோவைதான் என்று பிடிபடுவதற்குள் அவர் அடுத்த பலகைக்குப் போய்விடுவார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மொழிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன், அதோடு அது சரிவந்தது. வகையீட்டுச் சமன்பாட்டைச் சாதாரண அட்சரகணிதமாக மாற்றும் லாப்லாஸ் மாற்றம் கஷ்டமே இல்லை: இரண்டாம் வகையீட்டை மாற்றும்போது தொடக்கப் பெறுமானம் இரண்டையும் விடாமல் எழுதுங்கள், மிச்சம் பகுதிப்பின்னம்தான்.

நான் விழுந்தது ஃபூரியர் தொடரில், அதாவது ஒரு சார்பை சைன், கோசைன் உறுப்புகளின் கூட்டலாக எழுதும் இடத்தில். கடையில் வாங்கிய பழைய போட்டோக்கொப்பி நோட்ஸில், தொடரின் முதல் உறுப்பான மாறிலி 'ஏ பூச்சியத்தின் பாதி' என்று தொடங்கும். தொகையீட்டை பையால் வகுப்பார்கள். எங்கள் லெக்சரர் வெறும் ஏ பூச்சியம் என்று தொடங்கி, 2 பையால் வகுப்பார். இரண்டுமே சரி. நான் பெறுமானத்தை நோட்ஸ் முறையில் கண்டுபிடித்து, தொடரை லெக்சரர் முறையில் எழுதினேன். எக்ஸ் வர்க்கத்துக்கு மைனஸ் பையிலிருந்து பை வரை கேட்டிருந்தார்கள். மாறிலி உறுப்பு பை வர்க்கத்தின் மூன்றிலொன்று வரவேண்டும், எனக்கு வந்தது அதன் இரண்டு மடங்கு. அதை வைத்துத்தான் அடுத்த இரண்டு பகுதிகளும். எல்லாம் போய்விட்டது.

கணக்கை விட எனக்கு ஆத்திரம் வந்தது றிப்பீட் படிவத்தில். விடுமுறைக்கு வீட்டில் நின்ற நேரம் கடைசித் திகதி நெருங்கிவிட்டது என்று தெரியவந்து, மல்லாவியிலிருந்து மாங்குளம் சந்திக்கு வந்து, இரவு கொழும்பு பஸ்ஸில் இடமில்லாமல் வவுனியா வரை நின்றுகொண்டே போய், காலையில் இன்னொரு பஸ் மாறி அலுவலகத்தில் நீட்டினால், "நங்கி (தங்கச்சி), லெக்சரர் கையெழுத்து எங்கே?" என்று ஒரே கேள்வி. படிவத்தில் அதற்குக் கோடே இல்லை. அதைக் காட்டியும் வாங்கவில்லை. லெக்சரரோ அன்று லீவு. திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் அறைத்தோழி அவர் வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக் கொடுத்திராவிட்டால் எனக்கு ஒரு வருடம் போயிருக்கும். படிவம் கொண்டுபோகுமுன் போன் எடுத்து என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள், பதில் சொன்னவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் படித்ததெல்லாம் மாமரத்துக்குக் கீழே, ஒரே முறையில் மட்டும். நோட்ஸைக் கட்டி வைத்துவிட்டேன். ஒரு பழக்கம் எடுத்துக்கொண்டேன்: மாறிலி உறுப்பு என்பது சார்பின் சராசரி, அதனால் கணக்குத் தொடங்குமுன் வரைபைக் கீறி, சராசரி எங்கே நிற்கும் என்று கண்ணால் பார்த்து ஓரத்தில் எழுதிவிடுவேன். விடை வந்த பிறகு எக்ஸுக்குப் பூச்சியம் போட்டும் பார்க்கலாம். என் பழைய பிழையை அப்படிப் பார்த்திருந்தால் பூச்சியம் வரவேண்டிய இடத்தில் பை வர்க்கத்தின் மூன்றிலொன்று மிஞ்சி நின்றிருக்கும், அங்கேயே பிடித்திருப்பேன்.

இந்த முறை வந்தது மட்டு எக்ஸ், அதாவது மைனஸ் குறியை விட்ட எக்ஸ். பூச்சியத்திலிருந்து இரண்டு பக்கமும் பை வரை ஏறும் 'வி' வடிவம், சராசரி பையின் பாதி. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். தொகையீடு முடிய அதுவே வந்தது. கை நடுங்கியது, பேனையை ஒருக்கா வைத்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போனேன்.