ஊசி எங்கே?

பனியன் கம்பெனியில் துணி தைக்கும் பவர் டேபிளில் ஒரு பெண்ணுக்கு விரலில் ஊசி ஏறிவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் கம்பெனி நர்ஸான நான் பஞ்சு டப்பாவோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் இரண்டு பேர் தரையில் குனிந்து காந்தத்தை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தார்கள். "ஊசி முழுசாக் கிடைச்சுருச்சா?" என்றார் சூப்பர்வைசர். நான் கேட்க இருந்ததும் அதேதான். அவர் துணியை நினைத்துக் கேட்டார், நான் விரலை நினைத்து.

ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் உடைந்த ஊசிக்கென்றே ஒரு ரெஜிஸ்டர் உண்டு. துண்டுகளைப் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்த்து, டேப் போட்டு ஒட்டி, தேதி, லைன், மிஷின் நம்பர் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மேஜையில் இருந்த பீஸ்கள் எல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். போட்டுக்கொள்ளப் போவது ஏதோ ஒரு நாட்டுக் குழந்தை. சரியான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு முனை கிடைக்கவில்லை. பீஸ்கள் ஐந்து நிமிடத்தில் டிடெக்டருக்குப் போயின. அந்தப் பெண்ணை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போக வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வார்டு பார்த்துவிட்டு, நைட் டியூட்டி ஒத்துவராமல் திருப்பூர்ப் பக்கம் இந்த வேலைக்கு வந்தவள் நான். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டப்படி, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் ரூம் இருக்க வேண்டும். பெயரைக் கேட்டு வண்டி நிற்கும் என்று நினைத்தேன். ஒரு கட்டில், ஒரு பி.பி. மிஷின், ஒரு பீரோ, மேஜை மேல் ஒரு நீள நோட்டு. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் வருவார். மற்ற நேரமெல்லாம் "சிஸ்டர், ஒரு மாத்திரை குடுங்க, லைன்ல ஆள் இல்ல" என்பதுதான். பாதிப் பேருக்கு ஒடியாவும் இந்தியும்தான் தெரியும். 'தர்த்' என்றால் வலி என்று முதல் வாரமே கற்றுக்கொண்டேன்.

அந்த நோட்டில் எதை எழுதுவது என்பதுதான் உண்மையான வேலை என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அரசாங்கத்துக்கு விபத்து அறிக்கை போக வேண்டும். அதனால் ஊசி ஏறிய பெண்ணைப் பற்றி என்னிடம் வந்த யோசனை இது: "நாளைக்கு வந்து பஞ்ச் மட்டும் வச்சுட்டு உங்க ரூம்லயே படுத்துக்கட்டும் சிஸ்டர்." கேட்பதற்கு இரக்கம் போலவே இருக்கும். வந்து படுத்தாள். நான் நோட்டில் 'வேலை செய்யவில்லை, ஓய்வில் இருந்தார்' என்று நேரம் போட்டு எழுதினேன். ஒரு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முந்தைய வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அயர்ன் செக்‌ஷனில் நாள் முழுக்க நின்று வேலை செய்த ஒரு பெண், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று வந்தாள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினால் நல்லதே என்று நினைத்து ஹெச்.ஆரிடம் நானே பெயரைச் சொன்னேன். அவளிடம் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவளைக் காணோம். 'வேலை முடிந்தது, பிறகு கூப்பிடுகிறோம்' என்று அனுப்பிவிட்டதாக அவளோடு அறையில் தங்கியிருந்தவள் சொன்னாள். 2017 திருத்தத்துக்குப் பிறகு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியதும் நான்தான்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு நோட்டு. ஆபீஸுக்கு ஒன்று. பீரோவில் பூட்டி, சாவியைக் கழுத்துச் செயினில் கோத்து வைத்திருந்தது இன்னொன்று. "லிஸ்ட் குடுங்க சிஸ்டர், கேம்ப் போடலாம்" என்று கேட்டால் எண்ணிக்கை மட்டும் கொடுப்பேன். பெயர் கிடையாது.

அந்த இரண்டாவது நோட்டைப் புரட்டும்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. மயக்கம் என்று வருபவர்கள் பெரும்பாலும் பதினொரு மணியை ஒட்டி வந்தார்கள். காலையில் ஹாஸ்டலில் சாப்பிட நேரமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். ஹீமோகுளோபின் பார்த்தால் பலருக்கு 12 இல்லை. சிலருக்கு 8, 9. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோம். இரண்டு மாதம் ஆகியும் பெரிதாக ஏறவில்லை. ஒருநாள் லைனுக்கே போய் நின்று பார்த்தேன். மாத்திரையைப் பத்தே முக்கால் டீயில் போட்டு முழுங்குகிறார்கள்! டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, நானே டப்பாவோடு லைன் லைனாகப் போனேன். டார்கெட் போர்டுக்குக் கீழே நின்று, கொடுத்து, முழுங்கும்வரை பார்ப்பேன்.

தண்ணீர் விஷயம் இன்னும் கஷ்டம். யாரும் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக லைனுக்கு ஒரு டோக்கன்தான். நீர்க்கடுப்பு என்று வருபவர்களுக்கு 'நிறையத் தண்ணி குடிங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்த எனக்கு இதை ஒருத்தியும் சொல்லவில்லை. ஒரு ஒடிசாப் பெண் கையால் சைகை காட்டித்தான் புரிய வைத்தாள். மாதக் கூட்டத்தில் உடம்பைப் பற்றிப் பேசினால் எடுபடாது என்று தெரியும். ஒரு மாதத்தில் எத்தனை பேர் என் அறையில் எத்தனை மணி நேரம் படுத்திருந்தார்கள் என்று கூட்டிக் காட்டினேன். புரொடக்‌ஷன் மேனேஜர் கால்குலேட்டரை எடுத்தார். டோக்கன் மூன்றானது.

பதினொரு மணிக் கூட்டம் மெல்லக் குறைந்தது. அதைக் கவனித்த மேனேஜர் ஒருநாள் வந்து, "சிஸ்டருக்கு இப்ப வேலை கம்மியாத்தான இருக்குது" என்று சொல்லி, கேன்டீன் சாப்பாட்டை ருசி பார்த்துக் கையெழுத்துப் போடும் ரெஜிஸ்டரையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.