மெதுவாகப் பேசிய வீடு

ஆகஸ்ட் 21, வியாழன்

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திருநகரில் மதினியின், அதாவது என் கணவருடைய அக்காவின், புது வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது. ஒன்பது மணிக்குக் குட்டியானை வண்டி எங்கள் சந்துக்குள் பின்பக்கமாகவே வந்து நின்றது. பாயும் தலையணையும், பிள்ளைகளின் புத்தகப் பைகளும், அத்தையின் வெற்றிலைப் பெட்டியும், ஐந்து மாதத்தில் இங்கே சேர்ந்த அத்தனை சாமான்களும் ஒரே நடையில் ஏறிவிட்டன.

அவர்கள் பங்குனியில் வந்தார்கள். பழைய வீட்டுக்காரர் தன் மகளுக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கோ அப்போதுதான் தளம் போட்டிருந்தார்கள். ஒரு மாதம் என்றுதான் பேச்சு. பூச்சு வேலை, தரை, கதவு என்று இழுத்து ஆனியும் முடிந்துவிட்டது. ஆடியில் யார் புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள்? எனக்கும் அது தலை ஆடி. அம்மா சீரோடு வந்து என்னை மேலூருக்கு அழைத்துப்போய்விட்டார். ஆவணி பிறந்து நான் திரும்பி வந்த நான்காம் நாள் அவர்கள் கிளம்பினார்கள்.

எங்களுக்குத் தையில் கல்யாணம். இந்த ஆரப்பாளையம் மாடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தது நாற்பது நாள்தான். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. அதில் மதினி, அண்ணன், இரண்டு பிள்ளைகள், அத்தை, நாங்கள் என்று ஏழு பேர்.

சின்னவன் வண்டியில் ஏற மாட்டேன் என்று கீழ்க்கேட்டைப் பிடித்துக்கொண்டான். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ, ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. அத்தை என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "நாளை தண்ணீர் வரும் முறை. நான்கரைக்கு எழுந்துவிடு. ஐந்தரைக்குமேல் குழாயில் காற்றுதான் வரும்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான்கே முக்காலுக்குத்தான் விழித்தேன். இரண்டு குடமும் ஒரு டிரம்மும் நிரம்பின. இரண்டு பேருக்கு அது போதும். ஆனால் கை பழக்கத்தில் உலையில் நான்கு டம்ளர் அரிசியைப் போட்டுவிட்டது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

இரவு சாப்பிடும்போது அவர் என்னவோ கேட்டார். காதில் விழவில்லை. மறுபடி கேட்டார். ஊறுகாய். "யாரும் இல்லையே, எதற்கு இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள்?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதை நானும் அவர் காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில்தான் கேட்டிருக்கிறேன்.

ஐந்து மாதமும் எங்கள் பேச்சு அப்படித்தான் நடந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு அறைக்குள் வாய்க்குள்ளேயே பேசுவோம். இல்லையென்றால் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிற பத்து நிமிடம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில். கடை விஷயம், சம்பளம், என் அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இன்று சாயங்காலமும் துணி எடுக்க நான் மேலே போனபோது அவர் பின்னாலேயே வந்தார். கீழே கூடம் முழுவதும் காலியாகக் கிடக்க, நாங்கள் தொட்டியடியில் நின்று பேசிவிட்டு இறங்கினோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கால் கிலோ அயிரை வாங்கி வந்தார். உயிரோடு துள்ளுகிற மீன். அத்தை செய்கிறபடியே கொஞ்சம் பாலை ஊற்றி விட்டுவைத்தேன். பாலுக்குள் அவை நெளிந்து நெளிந்து வயிற்றில் இருந்த மண்ணையெல்லாம் கக்கின, பால் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகியது. பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவினேன். உரசும்போது சட்டியில் கேட்கிற அந்தச் சரசரப்பு அத்தையின் கையில் சீராக இருக்கும். எனக்கு இரண்டு முறை மீன் வழுக்கித் தரையில் விழுந்தது. குழம்பு நன்றாகவே வந்தது. புளி மட்டும் ஒரு பிடி தூக்கல்.

மத்தியானம் எங்கள் அறைக் கதவைச் சாத்தினேன். உள்தாழ்ப்பாள் நகரவில்லை. குளியலறைக்கு எங்கள் அறை வழியாகத்தான் போக வேண்டும். ராத்திரி பிள்ளைகளுக்கு அவசரம் என்றால் எழுந்து வரவேண்டுமே என்று அவர்கள் வந்த நாளிலிருந்து அதைப் போட்டதே இல்லை. குளியலறை ஈரத்தில் கொண்டி துருவேறி இறுகிவிட்டது. அவர் தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துணியைச் சுற்றிய சுத்தியலால் தட்டினார். செம்பழுப்புத் தூள் உதிர்ந்தது. நான் கீழே காகிதம் பிடித்துக்கொண்டேன். நான்காவது தட்டில் அரை அங்குலம் அசைந்தது. இன்னும் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் இழுத்து இழுத்து, கடைசியில் சட்டென்று உள்ளே போய் விழுந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி ஏழாவது மாதம் நடக்கிறது. இப்போதுதான் இந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முக்குப் பூக்காரம்மா கேட்காமலேயே மூன்று முழம் அளந்தார். எனக்கும் மதினிக்கும் மதினி மகளுக்கும். ஒரு முழம் போதும் என்றேன். "ஊருக்குப் போய்விட்டார்களா?" என்றார். திருநகர்தான் என்றேன். "அப்படியானால் இரண்டு முழமாக வைத்துக்கொள். ஒரு முழம் உன் கொண்டைக்குக் காணாது" என்று சொல்லி இரண்டு கொடுத்தார். ஆவணி முகூர்த்தங்களால் மல்லிகை விலை ஏறிக்கிடக்கிற நேரம். ஒரு முழத்துக்குத்தான் காசு வாங்கினார். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி என்று ஊர் பெருமையாகச் சொல்கிறது. எனக்கு மதுரை மல்லி என்றால் இந்த அம்மாவின் முழங்கைதான். அளக்கிற ஒவ்வொரு முழத்துக்கும் நாலு விரல் கூடவே விடுவார்.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதப்போகிறேன்.

கொழுக்கட்டை அவிக்க இட்லிக் கொப்பரையைத் தேடினேன். பரணில் இல்லை, மேடைக்கடியில் இல்லை. அது அம்மாச்சியின் பித்தளைக் கொப்பரை. விளிம்பில் புள்ளி புள்ளியாக அம்மாச்சி பேர் வெட்டியிருக்கும். அதன் கீழேயே புதிதாக என் பேரையும் வெட்டி அம்மா சீரில் வைத்துக் கொடுத்தார். "அக்கா கேட்டார்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்" என்றார் இவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையா என்றேன். "ஒரு பாத்திரத்துக்கா இந்தக் கேள்வி?" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசியது கொப்பரையைப் பற்றி இல்லை. வைகாசியில் அப்பா ஒரு சாக்கு மாம்பழத்தோடு மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கூடத்தில் அண்ணனின் நண்பர்கள், அறையில் பிள்ளைகள். மகள் வீட்டில் உட்கார இடமில்லாமல் மாடிப்படியிலேயே இருந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் "வருகிறேன் தாயி" என்று போய்விட்டார். அன்றிரவு நான் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சுவருக்கு அந்தப்புறம் கேட்டிருக்கும். இன்று சொன்னேன். அடிவயிற்றிலிருந்து வந்த குரல் அது. என் குரல் அவ்வளவு பெரியது என்பதை அவரும் இன்றுதான் கேட்டிருப்பார்.

அவரும் விடவில்லை. ஆடி மாதம் முழுவதும் போனில் இரண்டு வார்த்தைக்குமேல் பேசாமல், இந்த வீட்டுக்குத் திரும்ப மனமே இல்லாதவள்போல் நான் இருந்தேன் என்றார். "ஒவ்வொரு நாளும் நீ வர மாட்டாய் என்றே நினைத்துப் படுத்தேன்" என்றார். அதையும் கத்தித்தான் சொன்னார். சொல்லும்போது கை நடுங்கியது.

அப்படி ஒன்று அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. மேலூரில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள், போனை வைத்துக்கொண்டு தனியாகப் பேச இடமில்லை, அவ்வளவுதான் காரணம். அதைச் சொன்னேன்.

வெகு நேரம் கழித்து அவரே எழுந்துபோய் அகலமான ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, வாயில் ஈரத்துணியால் வேடு கட்டினார். பூரணத்துக்கு வெல்லமும் தேங்காயும் முன்பே கிளறி வைத்திருந்தேன். பதினொன்றரைக்குத்தான் பிள்ளையாருக்குப் படைத்தோம். கொழுக்கட்டைகளின் அடியில் துணியின் இழைகள் பதிந்திருந்தன.

ஆகஸ்ட் 28, வியாழன்

கீழ்வீட்டு அம்மா ஒரு கிண்ணம் சுண்டலோடு மேலே வந்தார். சத்தம் கேட்டிருக்கும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் உட்கார்ந்து, "ஏழு மாதமாகப் புதுசாகக் கல்யாணமானவர்கள் மேலே இருக்கிறார்கள் என்று பேர்தான். உன் குரலை நேற்றுதான் கேட்டேன்" என்றார். பிறகு தன் மாமியார் காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அவர் என்னிடம் சொல்லாமலேயே அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். பதினொரு மணிக்கு மாட்டுத்தாவணிக்கே வண்டியை எடுத்துப்போய் அழைத்து வந்தார்.

அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், சுவரில் மதினி பிள்ளைகள் பென்சிலால் உயரம் குறித்திருந்த கோடுகளைப் பார்த்தார். சாப்பாடு ஆனதும் பாயை விரித்துக் கொடுத்தேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மூச்சுக்கு மூச்சு அந்தத் துண்டு மெல்ல எழுந்து தாழ்ந்தது. ஒன்றரை மணி நேரம் சமையலறை வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவினால் எழுந்துவிடுவார் என்று அப்படியே போட்டுவைத்தேன்.

சாயங்காலம் மூவரும் முக்குக் கடைக்குப் போய்ப் பருத்திப்பால் குடித்தோம். சுக்கு மணக்க, சுடச்சுட. அப்பா இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்.

செப்டம்பர் 3, புதன்

புட்டுத் திருவிழா. மீனாட்சியும் சொக்கரும் கோயிலிலிருந்து எங்கள் பக்கம் புட்டுத்தோப்புக்கு வருகிற நாள். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் வந்துவிடுவார்கள். சுவாமி திரும்பும்வரை அங்கே கோயில் நடை சாத்தியே இருக்கும்.

64 திருவிளையாடல்களில் இது 61ஆவது. வைகை உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்குக் கூலியாளாகச் சிவனே வந்தார். கூலி உதிர்ந்த புட்டு. வேலை செய்யாமல் படுத்துக்கிடந்ததற்கு அவருக்குப் பிரம்படி விழ, அந்த அடி ஊரிலுள்ள எல்லார் முதுகிலும் விழுந்தது. சிறு வயதில் அந்த அடிதான் எனக்குக் கதை. இந்த முறை வந்தியையே நினைத்துக்கொண்டிருந்தேன். தன் வீட்டிலிருந்து அனுப்ப ஓர் ஆள் இல்லாமல், புட்டை அவித்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள்.

எங்கள் வாசலில் காலை ஏழு மணிக்கே ஐந்து பேரும் வந்து இறங்கிவிட்டார்கள். தோப்புக்கு நடந்துபோகும் தூரம் என்பதால் திருவிழா இனி எங்கள் வீட்டில்தான் என்று அத்தை முடிவு செய்திருக்கிறார். மதினி கையில் துணிப்பை. அதில் கொப்பரை. ஏழு பேருக்குப் புட்டு அவிக்க வேண்டுமே.

அத்தை மாவைப் பிசறினார். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். என் கையையும் மாவுக்குள் வைத்து அழுத்திக் காட்டினார். கூட்டத்தில் போய்ச் சுவாமி பார்த்து, வெயிலில் திரும்பி வந்து, நாள் முழுவதும் வீடு பிள்ளைகள் சத்தத்தில் அதிர்ந்தது. நான் சமையலறையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுத்தேன். அத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும் நேரம் மதினி கொப்பரையைத் துடைத்துப் பைக்குள் வைக்கப் போனார்.

"மதினி, அது அம்மாச்சி கொடுத்தது. இங்கேயே இருக்கட்டும்" என்றேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். இவர் இந்தப் பக்கமே பார்க்காமல் செருப்பைத் தேடினார்.

"நீ முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மதினி. "தம்பி கொடுத்தானே என்று கொண்டு போனேன். எங்கள் அடுப்பில் இது சரியாக உட்காரவும் இல்லை." பையிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தார். பிறகு விளிம்பைத் தடவி, "உன் பேரா இது? நான் பார்க்கவே இல்லையே" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. எனக்கும் இருந்தது. பிள்ளைகளுக்கென்று மிஞ்சிய புட்டை வாழை இலையில் கட்டிக் கொடுத்தேன். இட்லிக்கென்று ஒரு நல்ல பாத்திரம் வாங்கித் தர வேண்டும், அடுத்த மாதச் சம்பளத்தில்.

சின்னவன் இன்றும் கேட்டைப் பிடித்துக்கொண்டான். இந்த முறை யாரும் விரலைப் பிரிக்கவில்லை. "இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுகிறோம்" என்று இவரே சொல்லிவிட்டார்.

இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் வாயைத் திறந்தபடி தூங்குகிறான். நாளை தண்ணீர் முறை, நான்கரைக்கு அலாரம் வைக்கவா என்று இவர் என் காதருகே வந்து கேட்கிறார்.