நுரை தள்ளிய விறகு

எங்கள் தோட்டத்தில் நெருப்பு மூட்டினால் பத்து நிமிடத்துக்குள் பக்கத்து வீட்டு ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்கும். அந்த வீட்டு அக்காவுக்கு வீசிங் உண்டு. ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது.

புகை அங்கே போவதற்கு ரொம்ப நாள் காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, எரிகிற கட்டை ஒன்றைக் குனிந்து பார்த்தேன். ஒரு முனையில் நெருப்பு. மறுமுனையில் வெட்டுவாயிலிருந்து நுரை நுரையாகத் தண்ணீர் கசிந்து உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. வெட்டி இரண்டு மாதம்கூட ஆகாத கிளை அது. காய்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

விறகு சூடாகும்போது அதிலிருந்து வாயு கிளம்பும். அது பற்றிக்கொண்டால் தழல், பற்றாமல் தப்பினால் புகை. வெட்டின புதிதில் மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அதை ஆவியாக்கவே சூடெல்லாம் போய்விட்டால் வாயு எப்படிப் பற்றும்? ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு ஒழுங்காக எரியும்.

அப்புறம் எல்லாவற்றையும் மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கினேன். முன்பு தார்ப்பாயால் முழுக்கச் சுற்றி வைப்பேன். உள்ளே பூஞ்சணம்தான் பூத்தது. இப்போது மேலே மட்டும் மூடுகிறேன், பக்கங்கள் திறந்தே இருக்கும். ஒரு வருடம் பொறுத்தேன். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுவேன். ஈர விறகு 'தொம்' என்று மந்தமாகச் சொல்லும். காய்ந்தது 'டங்' என்று கணீரெனக் கேட்கும், முனைகளில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும்.

மூட்டும் முறையையும் தலைகீழாக்கினேன். பெரிய கட்டைகள் அடியில், அதன் மேல் சிறியவை, உச்சியில் சுள்ளி. நெருப்பை உச்சியில்தான் வைக்க வேண்டும். கீழே இருக்கும் கட்டை சூடேறி விடுகிற வாயு மேலே இருக்கும் தழலைத் தாண்டித்தான் போக வேண்டும், போகும்போதே எரிந்துவிடும். முதல் தடவை இப்படி மூட்டியபோது எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் கண் எரியாமல் உட்கார முடிந்தது. கட்டைகளுக்கு நடுவே காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி விடுங்கள். புது விறகைத் தழல் இருக்கும்போதே ஒவ்வொன்றாக வையுங்கள். கங்கு மட்டும் கிடக்கும்போது மொத்தமாகப் போட்டால் குப்பென்று புகையும்.

சருகு, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதையும் போடுவதில்லை. சருகு புகையும், மற்ற இரண்டிலிருந்து வருவது விஷம்.

இன்னொன்று, அணைப்பது. முன்பெல்லாம் 'தானே அணையட்டும்' என்று விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். ராத்திரி முழுக்க அது கனன்று புகைந்திருக்கிறது, பாவம் அந்த அக்கா. இப்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பல் முழுக்க ஆறியது தெரிந்த பிறகுதான் உள்ளே போகிறேன்.

போன வாரம் மூட்டும் முன் அவரிடமே போய்ச் சொன்னேன். "புகை வந்தா உடனே கூப்பிடுங்க அக்கா, அணைச்சிடறேன்." சரி என்றார். அன்று கூப்பிடவில்லை. பற்றவைத்த புதிதில் கொஞ்சம் புகை வரத்தான் செய்கிறது. காற்றே அசையாத மாலைகளில் அது மேலே ஏறாமல் தாழவே தங்கிவிடும் என்பதால் அன்றைக்கெல்லாம் மூட்டுவதே இல்லை.