பால் மறக்கும் நாட்களில் குட்டியின் குடல்

பிறக்கும் தறுவாய் வரை பன்றிக்குட்டியின் குடலில் நுண்ணுயிரிகள் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பிறப்புப் பாதையைக் கடக்கும்போதும், காம்பைத் தேடித் தாயின் மடியில் முட்டும்போதும், தரையில் கிடக்கும் தாயின் சாணத்தை முகரும்போதும் அவை உள்ளே புகுந்துவிடுகின்றன. முந்திக்கொண்டு பெருகுபவற்றுள் ஈ.கோலை என்னும் பாக்டீரியா முக்கியமானது. நோய்க்கிருமி என்றே பலரும் அறிந்த அதன் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை; குடலில் எஞ்சிய ஆக்சிஜனைத் தீர்த்து, ஆக்சிஜனில் வளர இயலாத பாக்டீராய்டிஸ் போன்றவற்றுக்கு இடம் அமைத்துத் தருபவையும் அவையே.

பால் குடிக்கும் வாரங்களில் லாக்டோபேசில்லஸ் இனங்கள் பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இளங்குட்டியின் இரைப்பை தானாகப் போதிய அமிலம் சுரக்காத அந்தப் பருவத்தில், இதுவே கிருமிகளைத் தடுக்கும் காவலாகிறது. பாலில் வரும் எதிர்ப்புப் புரதங்களும் குடற்சுவரைக் காக்கின்றன.

இந்த ஏற்பாடு முழுவதும் பாலை நம்பியிருக்கிறது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இயற்கைச் சூழலில் சுமார் 3 முதல் 4 மாதங்களில் சிறிது சிறிதாக நிகழும் பால் மறத்தல், பண்ணைகளில் பெரும்பாலும் 21 முதல் 28 நாட்களுக்குள் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. தாயைப் பிரிந்து, அறிமுகமில்லாத குட்டிகளோடு அடைக்கப்பட்ட குட்டி ஒரு நாளோ அதற்கு மேலோ தீவனத்தைத் தொடாமலேயே இருக்கக்கூடும். அதற்குள் சிறுகுடலின் உறிஞ்சு நீட்சிகள் குறுகுகின்றன; பிறகு தின்னும் புரதம் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று அங்கே அழுகுகிறது. லாக்டோபேசில்லஸ் குறைந்துவிட்ட அந்த இடைவெளியில், நச்சு சுரக்கும் ஈ.கோலை வகைகள் சிறுகுடற்சுவரில் ஒட்டிக்கொண்டு கழிச்சலை உண்டாக்குகின்றன. அவை பற்றிக்கொள்ளும் ஏற்பிகள், அதாவது குடற்சுவரிலுள்ள பிடிமான மூலக்கூறுகள், சில குட்டிகளுக்குப் பரம்பரையாகவே இருப்பதில்லை என்பதால், ஒரே ஈற்றில் பிறந்தவற்றுள் ஒன்று துவள, மற்றொன்று நலமாக நிற்பதும் உண்டு.

அடுத்தடுத்த வாரங்களில் பிரிவோடெல்லா என்னும் பாக்டீரியா பெருகி, தாவர நார்ச்சத்தைச் சிதைக்கும் கூட்டம் நிலைகொள்கிறது. அக்கூட்டம் உருவாக்கும் பியூட்டிரிக் அமிலம் பெருங்குடல் உயிரணுக்களுக்கு நேரடி உணவு.

கழிச்சலைத் தடுக்க அதிக அளவில் தரப்பட்டுவந்த துத்தநாக ஆக்சைடு மருந்துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியதை நான் சரியான முடிவாகவே கருதுகிறேன். அதன் இடத்தை இன்னொரு மருந்தால் நிரப்புவதைக் காட்டிலும், பிரிப்பதைச் சில நாட்கள் தள்ளிப்போட்டு, புரதம் குறைந்த தீவனத்தைத் தேர்ந்து, தாயோடு இருக்கும்போதே கைப்பிடி திடத் தீவனத்தைக் குட்டிகளின் முன் வைத்துப் பழக்கலாம்.