நாளை மறுநாள்

"நாளை மறுநாள் என்னைச் சோதித்துப் பாருங்கள், டாக்டர்." நாட்பட்ட சோர்வு நோயோடு வந்த முன்னாள் ராணுவ வீரர் அவர். கவனத்தையும் நினைவையும் அளக்கும் என் சோதனை முடிந்ததும் அவர் கேட்டது அவ்வளவுதான். "அதற்கு வழியில்லை ஐயா" என்றேன். வழி இல்லாமலா இருந்தது? இல்லை என்று சொல்வது எளிதாக இருந்தது.

அவரைப் பற்றிய அறிக்கையில் நான் பொய் எழுதவில்லை. மூன்று விநாடிக்கு ஓர் எண் ஒலிக்கும். கடைசியாகக் கேட்ட இரண்டையும் கூட்டிக் கூட்டிச் சொல்ல வேண்டும். அதில் அவருக்குத் தவறுகள் குறைவு. திரையில் புள்ளி தோன்றியதும் பொத்தானை அழுத்துவதில்தான் தாமதம், அதுவும் வரம்பின் கீழ் விளிம்பில். நாட்பட்ட சோர்வு நோயில் விடை பெரும்பாலும் சரியாகவே வரும், மெதுவாக வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாமதத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு, "வயதுக்கேற்ற வரம்புக்குள்" என்று எழுதினேன்.

யாருடைய வரம்பு? அவர் ராணுவத்தில் தகவல்தொடர்புப் பிரிவில் இருந்தவர். ஒரே நேரத்தில் மூன்று வானொலிக் குரல்களைப் பிரித்துக் கேட்டவருக்கு, இன்று மகள் பேசி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகிறது. தலைக்குள் பஞ்சு அடைத்தது போல என்றார். என் அட்டவணை அவரை அவர் வயதுக்காரர்களோடு ஒப்பிடும். பழைய அவரோடு ஒப்பிட அதில் இடமில்லை.

ஆனால் கண்ணால் காணாததை நான் எப்படி எழுதுவேன்? குண்டுவெடிப்பின் அதிர்ச்சி, கெட்டுப்போன தூக்கம், போர் விட்டுச்சென்ற மன உளைச்சல் எல்லாமே கவனத்தைச் சிதைக்கும். எது எதனால் என்று பிரிக்க இரண்டு மணி நேரம் போதாது. 1990–91 வளைகுடாப் போருக்குப் போய்வந்த அமெரிக்க வீரர்களுக்கு இந்த நோய் இருந்தால், காரணத்தை நிரூபிக்கச் சொல்லாமலே பணியால் வந்ததாக ஏற்கும் விதி அங்கே உண்டு. இவருக்கு அப்படி ஒரு விதி இல்லை. என் அறிக்கைதான் இருந்தது. அதை நினைக்கும்போது என் நியாயம் எனக்கே போதவில்லை.

உழைப்புக்குப் பின் மோசமாவதுதான் இந்த நோயின் அடையாளம். மூளை உழைப்பும் உழைப்புதான். சரிவு அன்றே வர வேண்டியதில்லை, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தும் வரும். அதனால்தான் நாளை மறுநாள் சோதிக்கச் சொன்னார். இந்தச் சோதனைக்காக முன்பே இரண்டு நாள் படுத்தே கிடந்தார் என்று அவர் மனைவி கிளம்பும்போது சொன்னதையும் கேட்டேன். களைப்பைக் காட்டாதே என்று பழக்கப்பட்டவர், சேர்த்துவைத்த தெம்பையெல்லாம் என் மேசையில் செலவழித்தார். அதை அளந்து, நலம் என்றேன்.

அறிக்கை மறுநாள் மாலையே போய்விட்டது. அதற்கடுத்த நாள் மனம் கேட்காமல் தொலைபேசியில் அழைத்தேன். மனைவிதான் எடுத்தார்.

"இன்று அவரைப் பேச வைக்காதீர்கள், டாக்டரம்மா. வெளிச்சம்கூடத் தாங்கவில்லை."

திருத்தி அனுப்பலாம். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். அந்தத் தொலைபேசி அழைப்பை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.